கண்பாப்பா விரியவில்லை

"ஏம்மா, கண்ணுல மருந்துதான் விடறியா, குழாய்த் தண்ணியப் பிடிச்சு விடறியா?"

சக்கர நாற்காலியில் சாய்ந்தபடியே கத்தினார் கடைசல் பட்டறைக்காரர். வரிசையில் தலையை அண்ணாந்து உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்து என்ன, மருந்து விட்ட கண்ணுக்கு அவர் புகையாகத்தான் தெரிந்திருப்பார்.

நர்ஸ் பெண் அவர் தாடையை நிமிர்த்திப் பிடித்தாள். கீழ் இமையை இழுத்து மறுபடியும் ஒரு சொட்டு விட்டாள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள்கூடக் கண்புரையை எடுத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயாயிற்று. இவருடைய கண்பாப்பா மட்டும் கடுகளவிலேயே நிற்கிறது. அது விரிந்தால்தான் உள்ளே போய்ப் புரையைத் தொட முடியும்.

இன்னொரு கண் இரும்புத் துகள் பாய்ந்து எப்போதோ போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

டாக்டரம்மா வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"ஒழுங்கா விட்டியா, இல்ல கதை பேசிட்டு நின்னியா?"

"ஒவ்வொரு தடவையும் விட்டேன் மேடம்."

"அப்படிக் கேளுங்க!" என்றார் பட்டறைக்காரர். "இதை முதல்ல மாத்திட்டு வேற ஆளப் போடுங்க."

நர்ஸின் மூக்கு நுனி சிவந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற பட்டறைக்காரரின் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"அய்யா, சிறுநீர் சரியாப் போறதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" டாக்டரம்மா கேட்டார். "அதுல சிலது பாப்பாவ விரிய விடாது. கத்தி வைக்கும்போது பாப்பாவச் சுத்தி இருக்கற திரை தொளதொளன்னு வெளிய வந்துடும். கண்ணே போனாலும் போயிடும்."

"நானா? தலைவலிக்குக்கூட மாத்திரை முழுங்கினவன் இல்ல. உங்களுக்கு வேலை தெரியலன்னா எனக்கு வியாதிக்காரன்னு பட்டம் கட்டுவீங்களா?"

பொய் சொல்கிறவரின் குரல் இல்லை அது. டாக்டரம்மா நம்பிவிட்டார்.

"உள்ள தள்ளிட்டு வா," என்றார் நர்ஸிடம். "அப்புறம் உன்னைக் கவனிச்சுக்கறேன்."

நாற்காலி நகர்ந்தது.

மனைவி அதன் முன்னால் போய் நின்றாள். 

"சாப்பிடறார் டாக்டரம்மா. அவருக்குத்தான் தெரியாது. அந்தக் கோளாறுக்குப் பார்த்த பெரிய டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை இவர் கிழிச்சுப் போட்டார். நான் ஒட்டி எடுத்துட்டுப் போய் வாங்கி, தினமும் பால்ல கலந்து குடுக்கறேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

"நல்லவேளை சொன்னீங்க. சின்ன வளையம் வெச்சு விரிச்சுக்கலாம்." டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பட்டறைக்காரருக்கு மூச்சு வாங்கியது.

"எத்தனை நாளாடி இந்தத் திருட்டுத்தனம்?"

அவள் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"நீங்க படுக்கைய நனைக்காம எந்திரிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து."