லியோவின் தங்கை

ஜெசிந்தா பிறப்பதற்கு ஓராண்டு முன்பே அவள் அண்ணன் லியோ காய்ச்சலில் செத்துப்போனான். அப்போது அவனுக்கு ஏழு வயது. வீட்டு மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அவன் உயிரோடிருந்த அந்தக் கடைசி வருடத்துக்குப் போய்விடலாம். அப்பா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் போவார். திரும்பி வரும்போது அவர் முகம் மலர்ந்திருக்கும். அந்த முகத்தோடு அவர் ஜெசிந்தாவை ஒருநாளும் பார்த்ததில்லை. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசோடு வந்து நின்றபோதும், "ம், நல்லது" என்றதோடு சரி. செத்துப்போன பிள்ளைமேல் பொறாமைப்படுவது கேவலம் என்று தெரிந்தும் அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்பா வெளியூர் போயிருந்த ஒரு நாள், அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்றே அவள் உள்ளே போனாள்.

தரையில் குப்புறப் படுத்துக் கப்பல் வரைந்துகொண்டிருந்த லியோ நிமிர்ந்து பார்த்தான்.

"நீதான் ஜெசிந்தாவா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பா வந்தாலே ஒன் பேச்சுதான். நீ பரிசு வாங்குனது, ஒனக்கு அம்மை போட்டது, நீ கோவிச்சிக்கிட்டுச் சாப்பிடாமப் படுத்தது... கேக்கக் கேக்க எரிச்சலா வரும்." அவன் பென்சிலை வீசியெறிந்தான். "நான் வளந்தா எப்படி இருப்பேன்னு மட்டும் சொல்லவே மாட்டேங்காரு."

திட்ட வந்த ஜெசிந்தா அவனருகே உட்கார்ந்தாள்.

"நல்ல ஒசரமா இருப்பே. வாசல்ல குனிஞ்சுதான் வருவே."

"ஒன்னைய அடிப்பேனா?"

"தெனமும்," என்றாள். அவன் வீசிய பென்சிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.