இரண்டு பள்ளிக்கு ஒரு ஒயர்

நாமக்கல் பக்கம், ரோட்டுக்கு இருபுறமும் இரண்டு பள்ளிகள் வைத்திருந்தார் தாளாளர் அர்த்தநாரி. 1989-இல் இரண்டிலும் கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, சேலத்து இன்ஜினீயர் மருதாசலத்தை வரவழைத்தார்.

"ரெண்டையும் ஒயர் போட்டு இணைச்சுடுங்க. எந்த வாத்தியார் ஏமாத்தறான்னு இங்க உக்காந்தே பாக்கோணும்."

வேகாத வெயிலில் பத்து நாள் பாடுபட்டு, இரு பள்ளி ஆசிரியர்களின் வருகைப் பதிவையும் ஒரே திரையில் கொண்டுவந்தான் மருதாசலம். பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏனுங்க, பதினோரு வாத்தியாருங்க ஒரே நேரத்துல ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் பாடம் நடத்தறாங்க!"

தாளாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அப்படிக் காட்டித்தானுங்க ரெண்டாவதுக்கு அங்கீகாரமே வாங்கினேன். மிஷின்ல கோளாறு. சரி பண்ணுங்க."

மருதாசலம் ஒயரை வெட்டிவிட்டுச் சொன்னான்:

"இப்பத்தானுங்க சரியா வேலை செய்யுது!"

பராமரிப்பு ஒப்பந்தமும் அன்றே அவனுக்குக் கிடைத்தது. மாதாமாதம் வந்து, ஒயர் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகவேண்டும்.