பாசி பிடித்த வீடு

வாசல் மணி அடித்தபோது தூபாவின் கைகள் முழங்கை வரை பச்சையாக இருந்தன. முற்றத்து மீன் தொட்டியின் சுவரைத் தேய்க்கத் தேய்க்கப் பாசி கரைந்து, தண்ணீர் இன்னும் குழம்பியதுதான் மிச்சம். மீன்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை.

"வந்துட்டாங்கம்மா" என்றாள் மகள் பரஸ்தூ, பதறாமல். கையில் மீதமிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தொட்டியில் போட்டுவிட்டு, தேநீரைக் கவனிக்க உள்ளே போனாள்.

தூபாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணவர் இறந்த பிறகு மகளைத் தேடி வந்த நல்ல சம்பந்தம் இது ஒன்றுதான். பையனின் அம்மா ஆஃபாக், ஊரார் மரியாதையோடு 'ஆஃபாக் கானும்', அதாவது ஆஃபாக் அம்மாள் என்பார்கள், சுத்தத்துக்குக் கஷான் நகரம் முழுக்கப் பேர்போனவள். போன மாதம் ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனாளாம். தரையில் முகம் பார்க்கலாமாம், தேடினாலும் தூசி கிடையாதாம். அங்கேயே ஒரு வார்த்தை பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தவள், இந்தக் குட்டையைப் பார்த்தால் என்ன சொல்வாள்?

சொன்னாள். மகன் சியாமக் பூங்கொத்தும் இனிப்புப் பெட்டியுமாக வாசலிலேயே நிற்க, ஆஃபாக் சலாமைக்கூட முழுதாகச் சொல்லாமல் நேரே தொட்டியருகே போய்க் குனிந்து பார்த்தாள்.

"தூபா கானும், இது மீன் தொட்டியா, நேத்து வெச்ச கீரைக் குழம்பா?"

தூபா பச்சைக் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இந்த வசந்தம் வரைக்கும் தண்ணீர் பளிங்காக இருந்தது என்றாள். மேலே படர்ந்திருந்த திராட்சைக் கொடியை, ரோஜாவுக்கு வெயில் வேண்டும் என்று மகள் வெட்டிவிட்டாள், அதிலிருந்துதான் இப்படி என்றாள். இன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, வந்ததும் மொத்தத்தையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பிவிடுவதாகச் சொன்னாள்.

"நிரப்புங்க. புதுத் தண்ணி ஊத்துறது பாசிக்கு விருந்து வைக்கிற மாதிரி. அடுத்த வாரமே மறுபடி பச்சைதான்."

முற்றத்துக் கட்டிலில் தன் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள் ஆஃபாக். பிறகு ஆரம்பித்தாள். தொட்டியில் பாதிக்காவது நிழல் வேண்டும் என்பது கழுதைக்குக்கூடத் தெரியுமே என்றாள். மீன் கண்ணெதிரே தின்று முடிக்கிற அளவுக்குத்தான் இரை போட வேண்டும், மிச்சம் அழுகினால் அதுவே பாசிக்கு உரம் என்றாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், பார்லி வைக்கோலில் ஒரு கட்டு போட்டு வைக்க வேண்டும், இதையெல்லாம் உங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லையா என்றாள்.

பரஸ்தூ தேநீர்த் தட்டோடு வந்தாள். அவளைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள் ஆஃபாக்.

"நாலு மீனைக் காப்பாத்தத் தெரியல. நீ என் பையனை எப்படிம்மா காப்பாத்துவே?"

"தெரியலீங்க" என்றாள் பரஸ்தூ, தலையைக் குனிந்துகொண்டு.

அந்தப் பதிலுக்கும் ஒரு பேச்சு விழுந்தது. தேநீர் வெளிறிப்போயிருக்கிறது என்றாள் ஆஃபாக். கற்கண்டுக் கிண்ணத்துக்கு மூடி எங்கே என்றாள். எல்லாவற்றுக்கும் பரஸ்தூ "சரிங்க" என்றாள். அவள் பணியப் பணிய ஆஃபாக்கின் குரல் ஏறிக்கொண்டே போனது. சியாமக் தொட்டியை ஒரே ஒரு முறை பார்த்தான். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். அவனுக்கே குமட்டுகிறது போலும் என்று தூபா கூனிக் குறுகினாள்.

வெயில் சுவரேறிப் போகும்வரை ஆஃபாக் பேசினாள். எழுந்து, கைக்குட்டையை இரண்டு தரம் உதறி மடித்துக்கொண்டாள். இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டாள் என்று தூபாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வழியனுப்ப வாசல்வரை போனாள்.

"வெள்ளிக்கிழமை மோதிரத்தோட வர்றேன்" என்றாள் ஆஃபாக்.

கதவைச் சாத்தப் போன தூபா அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏன் முழிக்கிறீங்க? உங்க பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. தெரியாதவளைத் திருத்திடலாம். அந்த டாக்டர் வீட்டுல ஒரு குத்தம் இல்ல, குறை இல்ல. அங்க சம்பந்தம் பண்ணிக்கிட்டு, ஆயுசு பூரா நான் வாயை மூடிக்கிட்டு உட்காரவா? இங்க எனக்கு வேலை இருக்கு. முதல்ல இந்தச் சாக்கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்."

கதவு மூடிக்கொண்டது. தூபா திரும்பி வந்து அதே கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். சம்பந்தம் கைகூடிய மகிழ்ச்சியைவிட, பட்ட அவமானம்தான் நெஞ்சை அடைத்தது. தன் மகளை ஒருத்தி தன் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து இப்படி மிதித்துவிட்டுப் போக, தான் வாயடைத்து நின்றது அவளைச் சுட்டது.

"எனக்கு இந்தச் சம்பந்தமே வேண்டாம்டி" என்றாள். "முன்னபின்ன பார்த்தே இராத ஒருத்தனுக்காக இந்தப் பேச்செல்லாம் நீ ஏன் கேட்கணும்?"

பரஸ்தூ காலிக் குவளைகளைத் தட்டில் அடுக்கினாள். தாயின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் மெதுவாகச் சொன்னாள்:

"பாசி வளர்க்கச் சொன்னதே அவர்தாம்மா."