மாற்ற முடியாத காசு

புஹாரி தேநீரைக் குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். நுஸ்லா அதைக் கவனித்துவிட்டாள்.

"சீனி போட்டுத்தான் இருக்கு, புஹாரி நானா. பதிலச் சொல்லிட்டுக் குடிங்க," என்றாள்.

இரத்தோட்டை வீதியில் இருந்த அந்த வீட்டு மேசையில், அவள் தன் கையால் தைத்த இடுப்புப் பட்டி வாய் பிளந்து கிடந்தது. உதறியபோது விழுந்தவை இரண்டு சின்ன நீலக் கற்களும் ஒரு விமான டிக்கெட் துண்டும்தான்.

மூன்று வாரத்துக்கு முன் அதே பட்டிக்குள் ஆறாயிரம் டொலர் வைத்து, கணவன் றிஸ்வானை மடகஸ்காருக்கு அனுப்பியிருந்தாள். இரத்தினக் கல் தோண்டும் அந்த ஊர்களில் கார்ட் எல்லாம் செல்லாது. கையில் காசு வேண்டும். டொலரில் ஒரு மடிப்போ பேனாக் கீறலோ இருந்தாலும் மாற்றுகிறவன் திருப்பித் தந்துவிடுவான் என்பதால், அறுபது தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கியவள் அவள்தான்.

அதற்காக அடகுக்குப் போன எட்டுக் காப்பும் அவளுடையவை. வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும்.

"இந்த முறை ரேட் நல்லா இருந்திச்சு தங்கச்சி," என்றார் புஹாரி. ஒன்பது வருடமாக றிஸ்வானோடு சேர்ந்து கல் வாங்கப் போகிறவர். "போன அன்னைக்கே எல்லாத்தையும் அந்த நாட்டுக் காசா மாத்தினாரு. பொறகு ஒரே மழ. குழியெல்லாம் தண்ணி. கல்லே வரல்ல."

"கல்லு வரல்லண்டா காசு மிஞ்சணுமே?"

"மிஞ்சினத திரும்ப டொலராக்க ஏலாது. இங்க கொண்டு வந்தா அது வெறும் கடதாசி."

"கடதாசிண்டாலும் பரவால்ல. அந்தக் கடதாசி இப்ப எங்க? உங்க பேக்குல இருக்கா?"

புஹாரி, றிஸ்வானைப் பார்த்தார். இரண்டு விமானம் மாறி விடியற்காலையில் வந்து சேர்ந்த றிஸ்வான், கதிரையில் கண் செருகிக் கிடந்தான்.

"நான் அதத் தொடவே இல்ல தங்கச்சி. லொட்ஜில நான் தனியாத்தான் கெடந்தேன். அல்லாஹ் மேல சத்தியம்."

"சத்தியம் மட்டும் நல்லா வருது! ஒம்பது வருசமா இந்த வீட்டுப் பெருநாள் சோறு திண்டீங்க நானா. பத்தாம என்ட காப்பயும் திண்டுட்டீங்க."

புஹாரி கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்ற த்ரீவீலில் ஏறும்போது ஒருமுறை திரும்பி றிஸ்வானைப் பார்த்தார். பிறகு தன் ஊரான பல்லேபொலப் பக்கம் போய்விட்டார்.

நுஸ்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

"என்ன எழுதுறாய்?" என்றான் றிஸ்வான்.

"பள்ளிவாசல் டிரஸ்டிமாருக்குக் கடிதம். அந்த ஆள் கள்ளண்டு ஊருக்கே தெரியட்டும். இனி ஒருத்தரும் அவர நம்பி ஒரு கல்லும் குடுக்கக்கூடாது."

றிஸ்வான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வேணாம் நுஸ்லா. பாவம் அந்த மனுசன். ஒரு சதமும் எடுக்கல்ல."

"அப்ப காசு?"

"அங்கதான் இருக்கு. அடுத்த பயணத்துக்கு உதவும்."

"அங்கயா? ஊர் பேர் தெரியாத நாட்டுல யார்ட்டக் குடுத்துட்டு வந்தீங்க?"

களைப்பில் அவன் மறுபடியும் கண்களை மூடிக்கொண்டான்.

"யார்ட்டயும் குடுக்கல்ல. அங்க வீட்டுல வெச்சிட்டுத்தான் ஏர்போட்டுக்கு வந்தேன்."