பச்சை மனிதன் வீடு திரும்பினான்

“அந்தப் பச்சை மனிதன் பத்திரமாகத் தன் கிரகத்துக்குப் போய்ச் சேர்ந்தான்” என்று படித்துவிட்டு, அட்டை கிழிந்த அந்த வேற்றுக்கிரகவாசிகள் கதைத் தொகுப்பை மூடினாள் தங்கை.

கட்டிலில் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தான்.

“புளுகாதே! புத்தகத்துல அவன் போற வழியிலேயே செத்துப்போயிடுவான்.”

“தெரியும். சின்ன வயசுல நீ இப்படித்தானேண்ணா படிச்சுக் காட்டினே? இன்னிக்குத்தான் உன் வண்டவாளம் தெரிஞ்சுது.”

“அன்னிக்கு அம்மாவுக்கு ஆபரேஷன். உள்ளதைப் படிச்சிருந்தா, நீ அழுது ஊரைக் கூட்டியிருப்பே.”

“அம்மாதான் பத்திரமா திரும்பி வந்துட்டாங்களே!”

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் உள்ளே வந்தார்.

“ஆபரேஷன் தியேட்டர் ரெடி. கிளம்பலாமா சார்?”

அண்ணன் தங்கையின் கையைப் பிடித்தான்.

“அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படி.”

அவள் புத்தகத்தைத் திறக்காமலே படித்தாள்.