திருட்டு இட்லி

மனைவி மலர்க்கொடி குளிக்கப் போகும் நேரத்துக்காகவே ஜெயவேல் காத்திருந்தார். பாத்ரூம் கதவு சாத்தியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயசில் பூனை மாதிரி வெளியே நழுவினார்.

ஐந்தாவது ஊசி ஏறி எட்டு நாள் ஆகிறது. அடுத்ததற்குள் இரண்டு கிலோவாவது எடை கூடாவிட்டால் ஊசி போட முடியாது என்று கேன்சர் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நன்றாகச் சாப்பிடுங்கள், படுத்தே கிடக்காமல் நடங்கள் என்று வேறு சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் தட்டைப் பார்த்தாலே ஜெயவேலுக்குக் குமட்டியது. மலர்க்கொடியோ எதிரில் உட்கார்ந்து அவர் வாயையே பார்ப்பாள். "ரெண்டு வாயாவது துன்னுய்யா. துன்னுட்டு அப்டியே காலாற நடந்துட்டு வா."

"சும்மா பேஜார் பண்ணாத மே" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஹார்பரில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய மனுஷனுக்கு இப்போது சொந்த உடம்பே பாரமாக இருந்தது.

ஒரு வாரமாக அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள். கஞ்சியை மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். நம்மைக் கைகழுவிவிட்டாள் என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் தினமும் ஒளிந்துபோய்ச் சாப்பிடும் நீலாவின் இட்லி வண்டி முதலில் தெருமுனையில்தான் நின்றது. அப்புறம் ரேஷன் கடைப் பக்கம் போனது. இன்றைக்கு விம்கோ நகர் ஸ்டேஷன் வரைக்கும் போயிருந்தது. ஜெயவேல் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார்.

"இன்னாம்மா, எடத்த மாத்திக்கினே கீற?"

"அங்க யாவாரம் டல்லு நைனா. குந்து."

அவர் கேட்காமலே தனியாக வைத்திருந்த தூக்குவாளியைத் திறந்து மூன்று இட்லி, காரமில்லாத பருப்பு, அவித்த முட்டை இரண்டு எடுத்து வைத்தாள். இங்கே யாரும் அவர் வாயைப் பார்ப்பதில்லை, ஐயோ பாவம் என்பதில்லை. லாரி டிரைவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாக முழுதும் தின்றார்.

"எம் பொஞ்சாதி வந்து கேட்டா நா இங்க வரவேல்ல. இன்னா?"

"நா ஏன் நைனா சொல்லப்போறேன்?"

எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் கால் தளர்ந்தது. வண்டிக்குப் பின்னால், ஸ்டேஷன் சுவரோரம் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் போய்விட்டதாக நினைத்து, நீலா போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மலரக்கா, நீ குடுத்தனுப்புனத மொத்தமா துன்னுட்டாரு... நாளைக்கு வண்டிய இன்னும் ஒரு தெரு தள்ளி நிறுத்தட்டா?"