அப்புறம் சொல்றேன்

முட்டையிட்ட கோழி எழுந்து நின்று கொக்கரிக்கத் தொடங்கியது.

கோழி என்றால் வகுப்புத் தலைவன். பேசுவதற்கு முன் இரண்டு முழங்கைகளையும் ஒரு உதறு உதறுவான். பிறகு நாற்காலி இருக்கிறதா என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வான். பார்த்த முதல் நாளே அவள் வைத்த பெயர் அது.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகையில் பேசுகிறவர்கள் யாரையும் எழுத்துக் கூட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், ஆளுக்கொரு சைகைப் பெயர் உண்டு. அதைக் காது கேட்காத ஒருவர்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். தானாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த அதிகாரத்தை அவள் வகுப்பில் வஞ்சனை இல்லாமல் பயன்படுத்தியிருந்தாள். நெட்டையனுக்கு ஒட்டடைக் கம்பு. ஓயாமல் தலைமுடியைக் கோதுகிறவளுக்குப் பேன்காரி. எல்லாப் பாடத்திலும் கண்ணசருகிறவனுக்குத் தூங்குமூஞ்சி.

வகுப்பில் சைகை தெரிந்த இன்னொரு ஆள் அவளுடைய சித்தி மகள் மட்டும்தான். அதனால் எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பற்றியே, அவன் முகத்துக்கு நேராக, சிரித்துக்கொண்டே என்ன வேண்டுமானாலும் பேசலாம். எலி வளையானாலும் தனி வளை.

ஆனால் வகுப்போடு வெளியே போகிற நாட்களில் அந்த வளைக்குள் மூச்சு முட்டும்.

போன முறை சினிமா. திரையில் எழுத்து ஓடவில்லை. அதற்கு முந்தைய முறை மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு. யார் உதடும் தெரியவில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால் சித்தி மகளும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவாள்.

"அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வந்ததே இல்லை. உலகத்திலேயே அவளுக்குப் பிடிக்காத சொல் அதுதான். இன்றைக்கும் வரமாட்டேன் என்றுதான் இருந்தாள். சித்தி மகள் கெஞ்சிக் கூத்தாடியதால் வந்தாள். இதுதான் கடைசி, இனி எந்தக் கொம்பன் கூப்பிட்டாலும் வரப்போவதில்லை என்று வீட்டு வாசலிலேயே முடிவு கட்டிவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

ஆனால் இன்று யார் முகத்தில் விழித்தாளோ, எல்லாம் தோதாக அமைந்துவிட்டது. உணவகத்தில் வட்ட மேசை. தலைக்கு மேல் பளிச்சென்ற விளக்கு. நடுவில் இருந்த பூச்சாடியை ஒட்டடைக் கம்பு தூக்கிக் கீழே வைத்துவிட்டான். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே விழவில்லை. பேன்காரிகூட வாயை மறைக்காமல் பேசினாள்.

கிடைத்த வசதியை வீணாக்கக் கூடாதல்லவா? அவள் சித்தி மகளைப் பார்த்துக் கையை ஓட்டினாள். கோழி கொக்கரிக்கிறது, முட்டை எங்கே என்று கேட்டாள். ஒட்டடைக் கம்பு குனிந்து சூப் குடிப்பதற்குள் ஆறிவிடும் என்றாள். சித்தி மகள் வழக்கத்துக்கு மாறாகச் சிரிக்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள்.

கோழி பேச்சை நிறுத்தியது.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பியது. இரண்டு முழங்கைகளையும் விரித்து அடித்தது. திரும்பித் தன் பின்பக்கத்தைக் கவலையோடு பார்த்தது. பிறகு விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியது.

சந்தேகமே இல்லை. அவள் வைத்த பெயர், அச்சு அசலாக.

அவள் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

அடுத்து நெட்டையன் எழுந்து, கையை உயரத் தூக்கி உத்தரத்தில் ஒட்டடை அடித்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டான். பேன்காரி பெருமையாகத் தலையில் ஒரு பேனை எடுத்து நகத்தில் நசுக்கினாள். தூங்குமூஞ்சி கண்ணை மூடினான். அவனை மட்டும் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவளுக்கு வாய்கூடத் தேவைப்படவில்லை.

மெல்லத் திரும்பிச் சித்தி மகளைப் பார்த்தாள். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் நீச்சல் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போய், தலைமுடி ஒரு சொட்டுக்கூட நனையாமல் வீடு திரும்பிய சித்தி மகளை. வட்ட மேசையும் விளக்கும் பூச்சாடியும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொன்றும் சித்தி மகளிடம் அவளே சலித்துக்கொண்டு சொன்னது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்றிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள்.

அப்போது மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஒரு கை தயங்கி உயர்ந்தது. வகுப்பில் இருப்பதே தெரியாமல் இருக்கும் ஒருவன். அவனைப் பற்றி அவள் இதுவரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றுமே பேசியதில்லை. ஒவ்வொரு விரலாக யோசித்து யோசித்து, அவன் கேட்டான்.

"எனக்கு மட்டும் ஏன் இன்னும் பேர் வைக்கல?"

கேலிக்குச் சிரிப்பவனின் முகம் இல்லை அது. எல்லோரும் சிரிக்கும்போது ஓரத்தில் இருந்து பார்க்கிற முகம். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

மேசை முழுக்கக் கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டு அவள் கைகளையே பார்த்தது.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். காதைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், சட்டையில் மாற்றிப் போட்டிருந்த பொத்தானைப் பார்த்தாள். அவசரத்தில் வைக்கிற விஷயமா இது? இன்னும் நாலைந்து முறையாவது கூட உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள், அப்புறம் சொல்றேன் என்று.